பன்னிரண்டு பேரின் தீர்ப்பு

படம் தொடங்கிச் சில நிமிடங்கள் யாரும் பேசுவதில்லை. 1930ஆம் ஆண்டு. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு பெரிய வீடு. இரவு. நீலம் படர்ந்த மங்கலான காட்சிகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. நடுநடுவே செய்தித்தாள் பக்கங்கள் திரையை அடைத்துக்கொள்கின்றன. டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற சிறுமி கடத்தப்பட்டிருக்கிறாள். பெற்றோர் மீட்புப் பணம் கொடுத்தும் பிணமாகத்தான் கிடைக்கிறாள். அவளுடைய தாய், தந்தை, வீட்டுப் பணிப்பெண் என்று அடுத்தடுத்துச் சாவுகள். ரிச்சர்ட் ராட்னி பென்னட்டின் இசை இந்தப் பகுதி முழுக்க நரம்பைச் சுண்டுகிறது. பிறகு திரையில் வெளிச்சம் வருகிறது: ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1935, இஸ்தான்புல்.

சிட்னி லூமெட் இயக்கி 1974இல் வெளிவந்த ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ இப்படித் தொடங்குகிறது. அகதா கிறிஸ்டியின் நாவல் இப்படித் தொடங்குவதில்லை. நாவலில் அந்தக் குழந்தையின் பெயரை வாசகர் முதன்முதலாகக் கேள்விப்படும்போது கொலை நடந்து முடிந்திருக்கும்; பெல்ஜியத் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ, கொலையுண்டவனின் அறையில் எரிந்து கருகிய ஒரு தாள் துண்டில் அந்தப் பெயரைப் படித்தெடுப்பார். எழுத்தாளர் பொத்திவைத்த துருப்புச்சீட்டைத் திரைக்கதை எழுதிய பால் டேனும் லூமெட்டும் முதல் காட்சியிலேயே மேசைமீது போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தில்தான் படத்தின் குணமே அடங்கியிருக்கிறது என்பது என் வாதம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொலையாளி யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாவலையோ படத்தையோ இன்னும் அறியாதவர்கள் அதை முடித்துவிட்டு வருவது நல்லது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஸ்தான்புல்லிலிருந்து கலே நோக்கிச் செல்லும் சொகுசு ரயில், யுகோஸ்லாவியாவில் பனிக்குவியலில் சிக்கி நிற்கிறது. ராட்செட் என்ற அமெரிக்கச் செல்வந்தன் தன் படுக்கையறையில் குத்துப்பட்டுக் கிடக்கிறான். உடம்பில் பன்னிரண்டு காயங்கள். அவனுடைய உண்மைப் பெயர் கசெட்டி. டெய்சியைக் கடத்திக் கொன்றவன் அவனே. அந்தப் பெட்டியில் பயணம் செய்கிற, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்போல் நடந்துகொள்கிற எல்லோருமே ஆம்ஸ்ட்ராங் குடும்பத்தோடு ஏதோ ஒரு விதத்தில் தொடர்புடையவர்கள். பாட்டி, சித்தி, தாதி, சமையல்காரி, காரோட்டி, தந்தையின் ராணுவ நண்பர், தற்கொலை செய்துகொண்ட பணிப்பெண்ணின் தகப்பன். எல்லோரும் சேர்ந்துதான் குத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கற்பனைக்குப் பின்னால் இருந்த நிஜத்தை அந்தக் கால வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பர்கின் 20 மாதக் குழந்தை 1932 மார்ச் 1 அன்று நியூ ஜெர்ஸி வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. 50,000 டாலர் கைமாறியது. மே 12 அன்று வீட்டுக்குச் சில மைல் தொலைவில் குழந்தையின் சடலம் கிடைத்தது. லிண்ட்பர்க் மனைவியின் தாய்வீட்டில் வேலைபார்த்த ஆங்கிலேயப் பணிப்பெண் ஒருத்தி, மீண்டும் விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது நஞ்சருந்தி இறந்துபோனாள். குற்றத்தில் அவளுக்குப் பங்கில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாவலில் வரும் பணிப்பெண்ணின் சாவு இவளிடமிருந்து வந்ததே.

நாவல் இங்கிலாந்தில் 1934 ஜனவரியில் வெளிவந்தது. லிண்ட்பர்க் வழக்கில் புரூனோ ஹாப்ட்மன் கைதானது அதே ஆண்டு செப்டம்பரில். அதாவது கிறிஸ்டி எழுதிக்கொண்டிருந்தபோது கொலைகாரன் யாரென்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. சட்டத்துக்கு அகப்படாத ஒரு குழந்தைக் கொலைகாரனைக் கற்பனையில் பிடித்து, ஓடும் ரயிலில் ஏற்றி, அவனுக்குரியதை அவனுக்குக் கொடுத்தார் அவர். புதிர்க்கதை அரசி என்று பெயரெடுத்தவரின் புத்தகங்களிலேயே ஆறாத கோபம் அதிகம் உள்ள புத்தகம் இது என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் மேலே தெரிவதில்லை. ரயிலின் மெருகேற்றிய மரப்பலகைகளுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் அடியில் கிடக்கிறது.

ரயிலும் பனியும்கூட அவர் பார்த்தறிந்தவை. 1928இல், முதல் திருமணம் முறிந்த பிறகு, ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் ஏறித் தனியாக பாக்தாத் வரை போனார். அதன் பிறகு தொல்லியலாளர் மேக்ஸ் மல்லோவனை மணந்து அதே தடத்தில் பலமுறை போய்வந்தார். 1929இல் இந்த ரயில் துருக்கியின் செர்கெஸ்கோய் அருகே பனிப்புயலில் பல நாட்கள் சிக்கிக் கிடந்தது. 1931 டிசம்பரில் கிறிஸ்டி பயணம் செய்த ரயிலே வெள்ளத்தால் நடுவழியில் நின்றுபோனது.

நாவலைப் படமாக்குவது எளிதல்ல. மூன்று பகுதிகள் கொண்ட புத்தகத்தின் நடுப்பகுதி முழுவதும் வாக்குமூலங்கள். பயணி ஒருவர் வருகிறார், உட்காருகிறார், கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், போகிறார், அடுத்தவர் வருகிறார். வெளியே ஓட இடமில்லை, துரத்தல் இல்லை, இரண்டாவது கொலைகூட இல்லை. இப்படிப்பட்ட கதையை யார் கேட்டாலும் கிறிஸ்டி கொடுக்கத் தயாராக இல்லை என்பது இன்னொரு தடை. 1960களில் எம்ஜிஎம் நிறுவனம் மார்கரெட் ரூதர்ஃபோர்டை மிஸ் மார்ப்பிளாக வைத்து எடுத்த படங்கள் அவருக்கு மனக்கசப்பையே தந்தன. பில்லி வைல்டரின் ‘விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்’ (1957) போன்ற ஒன்றிரண்டு நீங்கலாகத் தன் கதைகளின் திரைவடிவங்களில் அவர் நிறைவு கண்டதில்லை. தயாரிப்பாளர் ஜான் பிரேபர்னின் மாமனார், இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக இருந்த மவுண்ட்பேட்டன், மருமகனுக்காக அவரிடம் பேசினார். மவுண்ட்பேட்டனுக்கு அந்த உரிமை ஓரளவு இருந்தது. 1920களிலேயே அவர் கிறிஸ்டிக்கு ஒரு கதைக்கருவைக் கடிதத்தில் எழுதி அனுப்பியவர். ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலுக்குப் பின்னால் அந்தக் கடிதமும் இருக்கிறது.

ஒருவேளை கிறிஸ்டி 1930களிலேயே சம்மதித்திருந்தாலும் ஹாலிவுட்டில் இதை உள்ளபடியே எடுத்திருக்க முடியாது. நாவல் வெளிவந்த அதே 1934இன் நடுவில்தான் அமெரிக்கத் திரைத்துறை தன் ஒழுக்க விதிமுறையைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியது. குற்றவாளி தண்டனை பெறாமல் தப்புவதைத் திரையில் காட்ட அது இடம்கொடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் ஒருவனைக் கொன்றுவிட்டு ஷாம்பெயின் குடிப்பதற்கு அங்கே அனுமதி ஏது? 1968இல் அந்த விதிமுறை போய் வயதுவாரியான தரச்சான்று வந்தது. அதன் பிறகுதான் இந்த முடிவுக்குக் கதவு திறந்தது.

இப்போது லூமெட்டுக்கு வருவோம். அவருடைய படங்களின் வரிசையில் இதை ஓர் இளைப்பாறலாகக் கருதுவது வழக்கம். முன்னால் ‘செர்பிகோ’ (1973), பின்னால் ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ (1975). இரண்டும் நியூயார்க் தெருக்களின் வியர்வையும் கூச்சலும் நிறைந்தவை. நடுவில் பட்டும் வெல்வெட்டும் நட்சத்திரக் கூட்டமுமாக ஒரு பழைய ரயில். லூமெட்டே இந்தப் படத்தைப் பழைய காலத்தின் பகட்டுக்கும் அதன் மீதான ஏக்கத்துக்குமாக எடுத்ததாகத்தான் எழுதியிருக்கிறார். படமும் அதற்கு ஏற்றபடி மினுங்குகிறது. இஸ்தான்புல் நிலையத்திலிருந்து ரயில் புறப்படும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இருட்டில் நிற்கும் எஞ்சினின் முகப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது, அந்தக் கணத்தில் பென்னட்டின் வால்ட்ஸ் இசை எழுகிறது, இரும்பு ராட்சசன் ஒரு நடனக்காரியின் ஒயிலோடு நகர்கிறான். உண்மையில் அது பாரிசுக்கு அருகிலுள்ள ரயில் பணிமனையில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த்தும் அரங்கமும் உடையும் அமைத்த டோனி வால்டனும் அதை இஸ்தான்புல்லாக நம்பவைத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் எனக்கு இந்தப் படம் இளைப்பாறலாகத் தெரியவில்லை. லூமெட்டின் முதல் படம் ‘12 ஆங்ரி மென்’ (1957). தந்தையைக் குத்திக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பையனின் உயிர், ஓர் அறைக்குள் அடைக்கப்பட்ட பன்னிரண்டு ஜூரிகள் கையில் இருக்கிறது. பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் ஜூரி மட்டும் நியாயமான ஐயம் இருக்கிறது என்கிறார். பதினேழு ஆண்டு கழித்து அதே இயக்குநர், இன்னொரு மூடிய இடத்தில், இன்னொரு பன்னிரண்டு பேரை உட்காரவைக்கிறார். இங்கேயும் ஒரு கத்திக்குத்துதான் விவகாரம். பன்னிரண்டு என்ற எண்ணிக்கையை லூமெட் கண்டுபிடிக்கவில்லை, அது கிறிஸ்டியுடையது. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியாகத் தங்களைக் கொலைகாரர்கள் வரித்துக்கொள்வது நாவலின் மையமே. கர்னல் ஆர்பத்நாட் என்ற பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி, தனிப்பட்ட பழிவாங்கலைவிட ஜூரி விசாரணையே மேலானது என்று விசாரணையின்போது சொல்வார். நேர்மையான படைவீரரின் எளிய நம்பிக்கையாகக் காதில் விழுகிற அந்தப் பேச்சுதான் ஒப்புதல் வாக்குமூலம்.

இரண்டு படங்களையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு முகம் இருக்கிறது. மார்ட்டின் பால்சம். ‘12 ஆங்ரி மென்’னில் அவர் முதலாம் ஜூரி, அதாவது குழுவின் தலைவர். வாக்கெடுப்பு நடத்துவதும் எண்ணிச் சொல்வதும் அவர் வேலை. சொந்தமாகப் பெரிய கருத்தில்லாத, ஒழுங்கைக் காப்பாற்றப் பாடுபடுகிற நல்ல மனிதர். ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் அவர் ரயில் நிறுவனத்தின் இயக்குநர் பியாங்கி. (நாவலில் இந்தப் பாத்திரத்தின் பெயர் பூக்.) ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் கையை வீசி, இவர்தான் செய்திருக்கிறார் என்று முடிவு கட்டுவார், அடுத்தவர் வந்து போனதும் அவர்மீது அதே முடிவு. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் அவர் ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. எல்லோரையும் குற்றவாளி என்று அறிவித்த அதே வாயால்தான் எல்லோரையும் விடுவிக்கிற தீர்ப்பையும் அவர் சொல்ல நேர்கிறது. லூமெட் இதையெல்லாம் யோசித்துத்தான் பால்சமைத் தேர்ந்தாரா என்பது முக்கியமில்லை. திரையில் அது நடந்திருக்கிறது.

கத்தியையும் பாருங்கள். முதல் படத்தில், குத்து மேலிருந்து கீழாக இறங்கியிருக்கிறது, மடக்குக் கத்தி பழகியவன் அப்படிக் குத்த மாட்டான் என்று ஐந்தாம் ஜூரி விளக்கும்போது, ஒரு காயத்தின் கோணமே ஐயத்தை வளர்க்கிறது. இரண்டாவது படத்தில் காயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சில ஆழமானவை, சில கீறல்போல. சில வலக்கையால், சில இடக்கையால். ஒரே ஆள் இப்படிக் குத்த முடியாது என்பதிலிருந்து புவாரோ நிச்சயத்தை நோக்கி நகர்கிறார். காயத்தைப் படிக்கும் அதே கலை, ஒரு படத்தில் ஒருவனைக் காப்பாற்றவும் இன்னொன்றில் பன்னிரண்டு பேரைப் பிடிக்கவும் பயன்படுகிறது.

இடையில் இன்னொரு படமும் உண்டு. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஓரியன்ட் எக்ஸ்பிரஸுக்குச் சற்று முன்பு லூமெட் இங்கிலாந்தில் எடுத்த ‘தி அஃபென்ஸ்’. சிறுமியரைச் சீரழிப்பவன் என்று சந்தேகிக்கப்படும் ஒருவனை விசாரணை அறையிலேயே அடித்துக் கொன்றுவிடுகிறார் ஒரு போலீஸ் அதிகாரி. அவன் உண்மையில் குற்றவாளிதானா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. அந்த அதிகாரியாக நடித்தவர் ஷான் கானரி. ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் நட்சத்திரப் பட்டியலுக்கு லூமெட் முதலில் அணுகியதும் கானரியைத்தான். அவருக்குக் கொடுத்த வேடம், ஜூரி முறையைப் புகழும் கர்னல் ஆர்பத்நாட். குழந்தைக்கு இழைத்த கொடுமைக்காக ஒருவனைச் சட்டத்துக்கு வெளியே கொல்லும் மனிதனாக, லூமெட்டின் இரண்டு படங்களில், அதே நடிகர். முதலாவது முறை அந்தச் செயல் அவரைச் சிதைக்கிறது. இரண்டாவது முறை கோப்பையை உயர்த்துகிறார். இந்த இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டாவதன் மினுமினுப்பு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும்.

நட்சத்திரப் பட்டாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லாரன் பகால், இங்க்ரிட் பெர்க்மன், ஜான் கில்குட், வனெஸ்ஸா ரெட்கிரேவ், ஆன்டனி பெர்கின்ஸ், வெண்டி ஹில்லர், ஜாக்குலின் பிஸ்ஸெட், மைக்கேல் யார்க், கொலையுண்டவனாக ரிச்சர்ட் விட்மார்க். வியாபாரத்துக்காகச் சேர்த்த கூட்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கொலைமர்மப் படத்தில் பழகிய ரசிகர் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்: சின்ன வேடத்தில் பெரிய நடிகர் வந்தால் அவர்தான் கொலையாளி. எல்லோருமே பெரிய நடிகர்கள் என்றால் அந்தக் குறுக்குவழி அடைபடுகிறது. அதோடு, அந்த ஊகத்தை எல்லோருக்கும் பொருத்திப் பார்த்தால் விடையும் சரியாக வந்துவிடும்! மேலும், ரயிலில் உள்ள ஒவ்வொருவரும் ஏற்கெனவே நடித்துக்கொண்டிருக்கிறார்கள். பகால் ஏற்ற ஹப்பர்டு அம்மாள் உண்மையில் லிண்டா ஆர்டன் என்ற புகழ்பெற்ற மேடை நடிகை. இந்த முழு நாடகத்தையும் நடத்துபவர் அவரே. இத்திஷ் மொழி நாடக நடிகரின் மகனாகப் பிறந்து, சிறு பிள்ளையாகவே மேடையேறிய லூமெட்டுக்கு இந்த உள்விளையாட்டு நன்றாகவே புரிந்திருக்கும்.

அவர்களில் பெர்க்மனைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். லூமெட் அவருக்குக் கொடுக்க நினைத்தது ரஷ்ய இளவரசி திராகோமிரோஃப் வேடம். ஆடம்பரமும் அதிகாரமும் நிறைந்தது. பெர்க்மன் கேட்டு வாங்கியது கிரெட்டா ஒல்சன் என்ற, கூச்சம் மிகுந்த, திக்கித் திக்கி ஆங்கிலம் பேசும் ஸ்வீடன் நாட்டு மிஷனரிப் பெண்ணின் வேடம். அவருக்குப் பேசுவதற்கு இருப்பதெல்லாம் ஒரே ஒரு நீண்ட விசாரணைக் காட்சி. லூமெட் அதை வெட்டாமல் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஒரே ஓட்டமாக எடுத்தார். கண் கலங்குவதும் சமாளிப்பதும், சொல்லுக்குத் தடுமாறுவதும், திடீரென்று ஒரு பெருமிதம் எட்டிப்பார்ப்பதுமாக அந்த முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. அவர் குழந்தையின் தாதியாக இருந்தவர் என்பது தெரிந்த பிறகு மறுபடி பாருங்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பொய். துணை நடிகைக்கான ஆஸ்கார் அவருக்குக் கிடைத்தது. ஆறு பரிந்துரைகளில் படம் பெற்ற ஒரே விருது அது. மேடையில் நின்று, இந்த விருது அதே பிரிவில் போட்டியிலிருந்த வாலென்டினா கோர்ட்டீஸுக்குப் போயிருக்க வேண்டும் என்றார் பெர்க்மன்.

ஆல்பர்ட் ஃபின்னிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எண்ணெய் பூசி ஒட்டவைத்த தலைமயிர், தோளுக்குள் புதைந்த கழுத்து, இறுக்கமான குரல் என்று ஒரு விநோதமான புவாரோவை உருவாக்கினார். பலருக்கு அது மிகையாகப்படும். டேவிட் சூஷேயின் தொலைக்காட்சிப் புவாரோவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகமாகவே. எனக்கு அந்த அருவருப்பூட்டும் தன்மை பிடித்திருக்கிறது. இவர் அன்பான மாமா அல்ல. பிறர் அறைக்குள் மூக்கை நுழைக்கிற, கத்துகிற, வேண்டுமென்றே புண்படுத்துகிற ஆள். 1974 நவம்பரில் லண்டனில் நடந்த முதல் காட்சிக்கு, 84 வயதில், உடல் தளர்ந்த நிலையில் கிறிஸ்டி வந்திருந்தார். படம் அவருக்கு நிறைவளித்தது. மீசை மட்டும் தான் எழுதிய அளவுக்குக் கம்பீரமாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். 1976 ஜனவரியில் காலமானார்.

புவாரோ நடுநிலையானவர் இல்லை என்பதையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். தன் உயிருக்கு ஆபத்து என்று ராட்செட் அவரிடம் வந்து பாதுகாப்புக் கேட்டான், பெரும்பணம் தருவதாகவும் சொன்னான். அவர் மறுத்தார். அந்த மறுப்புக்குப் பிறகுதான் கொலை நடக்கிறது. ஆகவே கடைசியில் நீதிபதியின் இடத்தில் வந்து நிற்பவர், ஏற்கெனவே ஒருமுறை அந்த மனிதனைக் கைவிட்டவர். கிறிஸ்டியும் லூமெட்டும் இதை அழுத்திச் சொல்வதில்லை. ஆனால் நம் மனத்தில் அது ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

உணவுப் பெட்டியில் எல்லோரையும் உட்காரவைத்து புவாரோ நிகழ்த்தும் இறுதி விளக்கம் அரைமணி நேரத்தை நெருங்குகிறது. துப்பறியும் படங்களில் இப்படிப்பட்ட காட்சிகள் பெரும்பாலும் கொட்டாவியில் முடியும். லூமெட் இங்கே ஓர் அருமையான உத்தியைக் கையாண்டார். முன்பு நாம் பார்த்த சில நிகழ்வுகளை இரண்டு முறை படம்பிடித்திருந்தார். முதல்முறை இயல்பான லென்ஸ். விளக்கத்தின்போது திரும்ப வரும்போது மிக அகன்ற கோணமுடைய லென்ஸ். அதே வார்த்தைகள், அதே முகங்கள், ஆனால் சற்றே வீங்கி, திருகிக்கொண்டு வருகின்றன. சாதாரணமாகத் தோன்றிய பேச்சுக்குள் இருந்த நடிப்பு வெளியே தெரிகிறது. ‘12 ஆங்ரி மென்’னில் படம் போகப் போக நீண்ட லென்ஸுகளுக்கு மாறிச் சுவர்களை நெருக்கிக்கொண்டு வந்தவர் இவர். இடத்தை மாற்ற முடியாதபோது பார்வையை மாற்றுவது அவருக்குக் கைவந்த கலை.

விளக்கத்தின் உச்சத்தில் கொலைக் காட்சி வருகிறது. நாவலில் இது நேரடியாகக் காட்டப்படுவதில்லை. புவாரோ அனுமானித்துச் சொல்வதோடு சரி. படமோ முழுவதையும் காட்டுகிறது. இரவு விளக்கின் நீல ஒளி. மயக்கமருந்து உண்டு அசையாமல் கிடக்கும் உடல். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருகிறார்கள், கத்தியை வாங்குகிறார்கள், ஓங்குகிறார்கள், அடுத்தவர் கையில் கொடுக்கிறார்கள். பிஸ்ஸெட்டும் யார்க்கும் நடித்த இளம் தம்பதியர் ஒரே கத்தியை இருவருமாகப் பிடித்துக் குத்துகிறார்கள். எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. (நாவலில் மனைவி இதில் பங்கேற்பதில்லை, கணவர் மட்டுமே.) சடங்கைப்போல, அவசரமில்லாமல் நடக்கிறது எல்லாம். அந்த நீலம் நமக்குப் பழக்கமானது. படத்தின் முதல் நிமிடங்களில், லாங் ஐலண்ட் வீட்டின் இரவிலும் அதே நீலம்தான் இருந்தது. கடத்தலைக் காட்டிய நிறத்திலேயே தண்டனையையும் காட்டுவதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. பழி தீர்ந்தது என்று நாம் நிம்மதி அடைய வேண்டிய இடத்தில், இரண்டு கொலைகளும் ஒரே இரவின் இரு பாதிகளாகத் தெரிகின்றன.

முதல் காட்சியில் குழந்தையின் சாவைக் காட்டியதன் விளைவு இப்போது முழுமையாகப் புலப்படும். நாவலின் வாசகர் யார் செய்தது என்ற கேள்வியோடு பக்கங்களைப் புரட்டுகிறார். நீதி பற்றிய கேள்வி கடைசி அத்தியாயத்தில்தான் அவரை வந்தடைகிறது, அதற்குள் புத்தகமே முடிந்துவிடுகிறது. படத்தின் பார்வையாளருக்கு அப்படியில்லை. டெய்சியின் பெயர் முதலிலிருந்தே அவருக்குள் இருக்கிறது. ராட்செட்தான் கசெட்டி என்று தெரியவரும்போது வியப்பைவிட ஒரு கசப்பான திருப்தியே வருகிறது. சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிட்டிருக்கிறோம். ‘12 ஆங்ரி மென்’ பார்வையாளரை எட்டாம் ஜூரியின் பக்கம் மெல்ல மெல்ல இழுத்தது. இந்தப் படம் தொடக்கத்திலேயே நம்மைப் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டுவிடுகிறது.

பிறகு அந்த முடிவு. புவாரோ இரண்டு விடைகளைச் சொல்கிறார். எளியது: வெளியாள் ஒருவன் ரயில் ஊழியரின் சீருடையில் ஏறி, கொன்றுவிட்டு இறங்கிப் போய்விட்டான். சிக்கலானது: மெய். யுகோஸ்லாவியப் போலீசுக்கு எதைத் தருவது என்று பியாங்கியிடம் விடுகிறார். பியாங்கி எளியதைத் தேர்கிறார். புவாரோ ஒப்புக்கொண்டு, போலீசுக்கான அறிக்கையோடும் தன் மனச்சாட்சியோடும் மல்லுக்கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். அவர் போன பிறகு ஷாம்பெயின் வருகிறது. ஒவ்வொருவராக வந்து, பாட்டியின் கோப்பையோடும் சித்தியின் கோப்பையோடும் தம் கோப்பையை மெல்ல மோதுகிறார்கள். நாடகம் முடிந்து நடிகர்கள் திரைக்கு முன்னால் வந்து வணங்குவதைப் போலவே அது அமைந்திருக்கிறது. பனி விலகுகிறது, ரயில் நகர்கிறது.

இந்த இடத்தில் படம் தன் பொறுப்பிலிருந்து நழுவிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. 2010இல் சூஷே நடித்த தொலைக்காட்சி வடிவம் அதற்குப் பதில் சொல்வதுபோல எடுக்கப்பட்டது. அதில் புவாரோ கோபத்தில் வெடிக்கிறார், ஜெபமாலையை இறுகப் பற்றுகிறார், கண்ணீரோடு பனியில் நடக்கிறார். வலுவான நடிப்புதான். ஆனால் நாம் படவேண்டிய வேதனையை நமக்காக அவரே பட்டுமுடித்துவிடுகிறார். லூமெட் மனச்சாட்சியை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, நம்மை விருந்தில் விட்டுவிடுகிறார். இன்பமான இசை, அழகான முகங்கள், கண்ணாடிக் கோப்பைகளின் ஒலி. அது இனிக்கிறது; இனிப்பதுதான் தொந்தரவு.

இந்த இனிப்புக்கு அடிப்படை ஒன்று இருக்கிறது: கசெட்டி குற்றவாளி என்பதில் கதைக்குள் யாருக்கும் ஐயமில்லை. நாவலில் அவன் பிடிபட்டு, பணபலத்தாலும் சட்டத்தின் ஓட்டையாலும் விடுதலையானவன். நிஜத்தில் நடந்ததோ வேறு. படத்தின் கதை நிகழும் 1935 டிசம்பரில், நியூ ஜெர்ஸியின் டிரென்டன் சிறையில் ஹாப்ட்மன் மரணத்தையே எண்ணிக் காத்துக்கிடந்திருப்பார். ஃபிளெமிங்டன் நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஜூரிகள் அந்த ஆண்டு பிப்ரவரியில் அவரைக் குற்றவாளி என்று அறிவித்திருந்தார்கள். மீட்புப் பணத்தின் ஒரு பகுதி அவர் வீட்டில் இருந்தது. குழந்தையைத் தூக்கப் பயன்பட்ட ஏணியின் மரம் அவர் வீட்டுப் பரணோடு பொருந்துவதாக நிபுணர் சாட்சி சொன்னார். கடைசிவரை தான் நிரபராதி என்றே அவர் சொன்னார். 1936 ஏப்ரல் 3 அன்று மின்நாற்காலியில் அவர் உயிர் போனது. படம் வெளிவந்து இரண்டு ஆண்டில், அவர் பலிகடா என்று வாதிடும் புத்தகம் ஒன்று அமெரிக்காவில் வெளியாகி விவாதத்தைக் கிளப்பியது. அவருடைய மனைவி 1980களில் நீதிமன்றப் படியேறினார். தீர்ப்பு சரியே என்று வாதிடுவோரும் குறையவில்லை.

கிறிஸ்டியின் கதையில் இல்லாதது இந்த விவாதம்தான். கசெட்டிக்காகப் பேச அங்கே ஓர் ஆளும் இல்லை, அப்படி ஓர் ஆளைச் சேர்த்தால் கதையே நிற்காது. 1957இன் அறையில் பால்சமின் பாத்திரம், கை தூக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணியது. பதினொன்றுக்கு எதிராக ஒரு கை இறங்கியே இருந்தது, அதனால் ஒரு பையன் பிழைத்தான். ரயில் பெட்டியில் அதே பால்சம் யாரையும் கை தூக்கச் சொல்வதில்லை. தண்டனை நிறைவேறிய பிறகு கூடிய நீதிமன்றம் அது. வாக்கெடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.